நாகர்கோவில்ல பிஎஸ்சி படிச்சிட்டு மரபணு ஆராய்ச்சிக்குப் போறது எப்படி

மக்ளே, நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துல பாட்டனி, ஜூவாலஜி, மைக்ரோபயாலஜி, பயோடெக்னு படிக்கிற பிள்ளைங்க ஏராளம். ஆனா டிகிரி முடிச்சதும் ஒரு கூட்டம் பிஎட் போகுது, இன்னொரு கூட்டம் பேங்க் எக்ஸாம் கோச்சிங் போகுது. ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை இருக்கிற பிள்ளைக்கு வழி சொல்ல வீட்டுல ஆள் கெடையாது, அப்பா ரப்பர் வெட்டப் போறவரா இருப்பாரு, அம்மா அண்டி ஆபீஸ் (முந்திரி பேக்டரி) போறவங்களா இருப்பாங்க, அவங்ககிட்ட பிஎச்டின்னு சொன்னா அது வேலையா படிப்பான்னு கேப்பாங்க. ரெண்டும்தான்னு முதல்ல சொல்லுங்க. எப்படிங்கிறத கீழ சொல்லுதேன்.

மாலிக்யூலர் பயாலஜின்னா செல்லுக்குள்ள டிஎன்ஏ, ஆர்என்ஏ, புரோட்டீன் எல்லாம் எப்படி வேல செய்யுதுன்னு பாக்குறது, ஜெனிடிக்ஸ்னா குணம் எப்படி தலைமுறை தாண்டி வருது, எங்க மாறுதுன்னு பாக்குறது. இது புக்ல படிச்சு மட்டும் வராது, கை பழகணும். அதனால எம்எஸ்சி முடியட்டும், பிஎச்டி வரட்டும்னு காத்திருக்காதீங்க, பிஎஸ்சி படிக்கையிலயே ஒரு லேப்ல கொஞ்ச நாள் நின்னுருங்க.

எங்க போறதுன்னா, நமக்கு சென்னைய விட திருவனந்தபுரம் பக்கம், டிரெயின்ல கிட்டத்தட்ட ரெண்டு மணி நேரம். அங்க ராஜீவ் காந்தி சென்டர் ஃபார் பயோடெக்னாலஜி இருக்கு, விதுரால ஐசர்ங்கிற மத்திய அரசோட அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு, பாலோடுல ட்ராபிகல் பொட்டானிக் கார்டன் இருக்கு. நம்ம மாவட்டத்துக்குள்ளயே ராஜாக்கமங்கலத்துல மனோன்மணியம் சுந்தரனார் யுனிவர்சிட்டியோட கடல் அறிவியல் சென்டர் இருக்கு, மீன், இறால் மேல ஆசை உள்ளவங்க அங்க கேட்டுப் பாக்கலாம். இது போக, மூணு சயின்ஸ் அகாடமி சேந்து குடுக்கிற சம்மர் ரிசர்ச் ஃபெல்லோஷிப் ஒண்ணு இருக்கு, ரெண்டு மாசம், நாட்டுல உள்ள ஒரு பெரிய லேப்ல வேல பாக்கலாம், ஸ்டைபண்டும் உண்டு. பெங்களூரு ஜேஎன்சிஏஎஸ்ஆர்ங்கிற (ஜவஹர்லால் நேரு சென்டர்) ஆராய்ச்சி நிறுவனத்துலயும் தனியா ஒரு சம்மர் ஃபெல்லோஷிப் உண்டு. ரெண்டுக்கும் வருஷக் கடைசியிலதான் அப்ளிகேஷன் கேப்பாங்க.

இதெல்லாம் இல்லாம நேரா ஒரு சயின்டிஸ்டுக்கு மெயில் போட்டும் கேக்கலாம். ஆனா எல்லாரும் ஒரே மெயிலதான் போடுதாங்க, "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட் இன் யுவர் எஸ்டீம்டு லேப்"னு, அதுக்கு பதில் வராது. அவங்க சமீபத்துல போட்ட ஒரு பேப்பர எடுத்து உக்காந்து படிங்க, அதுல ஒரு படத்தப் பத்தி உங்களுக்கு உண்மையிலேயே வந்த ஒரு கேள்விய ரெண்டு வரியில எழுதுங்க, நான் இன்ன காலேஜ், எனக்கு இன்ன மாசத்துல இருந்து இன்ன மாசம் வரைக்கும் லீவு, வந்து வேல பழகலாமான்னு கேளுங்க, அவ்வளவுதான். பத்து வரிக்கு மேல போகாதீங்க. பதில் வரலன்னா ரெண்டு வாரம் விட்டு இன்னொரு தடவ போடுங்க, அதுல கூச்சப்பட ஒண்ணும் இல்ல.

பேப்பர் படிக்கத் தெரியலன்னு நெறைய பிள்ளைங்க பயப்படுதாங்க. முதல் வரியில இருந்து படிக்காதீங்க, படங்களப் பாருங்க, ஒவ்வொரு படத்துலயும் கண்ட்ரோல், அதாவது ஒப்பிட்டுப் பாக்க வச்ச சாம்பிள், எதுன்னு தேடுங்க. பிசிஆர்னா டிஎன்ஏ துண்ட பல மடங்கா பெருக்குற முறை, பெருகின டிஎன்ஏ ஜெல்ல கோடா தெரியும், அதுதான் பேண்டு. டிஎன்ஏ போடாம தண்ணி மட்டும் வச்சு ஓட்டின பிசிஆர்லயும் பேண்டு வந்திருந்தா அந்த ரிசல்ட்ட நம்பக் கூடாது. இந்த ஒரு பழக்கம் வந்துட்டா நீங்க பாதி சயின்டிஸ்ட்.

அப்புறம் என்ன கேள்விய எடுக்குறதுங்கிறது. எனக்கு இதுலதான் ரொம்ப ஆர்வம். பெரிய ஊர்லதான் பெரிய கேள்வி இருக்குனு நினைக்காதீங்க, நம்ம வாழத்தோட்டத்துலயே இருக்கு. செந்துளுவன் இருக்குல்லா, வெளியூர்ல செவ்வாழைம்பாங்க, அதுக்கு ஏ-ஜீனோம் (ஒரு காட்டு வாழை இனத்துல இருந்து வந்த குரோமோசோம் செட்டு, இன்னொரு இனத்துல இருந்து வந்தது பி) மூணு செட், ஒரு செட்டுக்கு 11 குரோமோசோம், மொத்தம் 33. ஏத்தனுக்கு, அதாவது நேந்திரனுக்கு, ரெண்டு ஏ, ஒரு பி. மூணு செட்டா இருக்கிறதால குரோமோசோம் ஜோடி சேந்து ஒழுங்கா பிரிய முடியாது, அதனாலதான் வெத கெடையாது, கன்னு வச்சுதான் வளக்குறோம். கன்னுன்னா தாய் மாதிரியேதான இருக்கணும், ஆனா சில நேரம் செவப்பு குலை போட்ட வாழையோட கன்னு பச்சைக் குலை போடும். எந்த ஜீன்ல என்ன மாறிச்சு? நம்ம ஊரு மட்டி வாழைக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சுது, அதையும் மத்த ரகத்தையும் டிஎன்ஏ வச்சு எப்படி பிரிச்சுச் சொல்றது? இதெல்லாம் நல்ல எம்எஸ்சி புராஜெக்ட். வாழைக்குன்னே திருச்சியில தேசிய ஆராய்ச்சி மையமும் இருக்கு.

வாழை இலையில டிஎன்ஏ எடுக்கிறது லேசு இல்ல, அதையும் சொல்லிருதேன். முத்தின இலைய எடுத்தா அதுல உள்ள பாலிஃபினால்ங்கிற கெமிக்கல் வந்து டிஎன்ஏவோட ஒட்டிக்கிட்டு டியூப்ல பழுப்பு கலர்ல நிக்கும், பிசிஆர் ஓடாது. அதனால விரியாத குருத்த எடுங்க, ஐஸ்ல வச்சு கொண்டு வாங்க, லிக்விட் நைட்ரஜன் ஊத்தி மாவு மாதிரி அரைங்க, சிடிஏபி பஃபர்ல (செல்ல உடைச்சு டிஎன்ஏவ வெளிய எடுக்குற கரைசல்) பாலிஃபினால் தொல்லையக் கொறைக்க பிவிபியும் மெர்காப்டோஎத்தனாலும் சேத்து 65 டிகிரியில வைங்க. குளோரோஃபார்ம் போட்டு சுத்தினப்புறம் மேல நிக்கிற தண்ணிய மட்டும் எடுக்கணும், நடுவுல உள்ள வெள்ளைப் படலத்தத் தொடாதீங்க, கொஞ்சம் கொறைவா கெடச்சாலும் பரவால்ல. ஐசோபுரோப்பனால் ஊத்தி மெதுவா கவுத்துனா வெள்ளையா நூல் நூலா தெரியும் பாருங்க, அது டிஎன்ஏ. டிஎன்ஏ எவ்வளவு சுத்தம்னு காட்டுற 260/280 ரேஷியோ (ரெண்டு அலைநீளத்துல ஒளி உறிஞ்சுற அளவு) 1.8 பக்கத்துல வந்தா நல்லது. ஒவ்வொண்ணையும் அன்னைக்கே நோட்டுல எழுதுங்க, தேதி போட்டு, பேனால.

லேப் கெடைக்காத பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல தொடங்கலாம். வாழை ஜீனோம் 2012லயே வெளிய வந்தாச்சு, அமெரிக்க அரசோட என்சிபிஐ சைட்ல ஃப்ரீயா இருக்கு, சீக்வென்ஸ் எடுத்து பிளாஸ்ட் பண்ணுங்க (அதே மாதிரி சீக்வென்ஸ் வேற எங்க இருக்குன்னு தேடுறது), மெகா சாஃப்ட்வேர்ல எது எதுக்கு சொந்தம்னு காட்டுற ட்ரீ போடுங்க, கூடவே ஆர் இல்லன்னா பைத்தான் படிங்க. இன்னைக்கு சீக்வென்சிங் டேட்டா மலை மாதிரி வருது, அத அலசத் தெரிஞ்ச ஆளத்தான் எல்லா லேப்லயும் தேடுதாங்க. ஃபிசிக்ஸ் படிச்ச பிள்ளைங்களும் வரலாம், செல்லுல புரோட்டீன் செய்யுற ரைபோசோம் பத்தின ஆராய்ச்சிக்கு 2009ல நோபல் வாங்கின வெங்கி ராமகிருஷ்ணன் ஃபிசிக்ஸ்ல பிஎச்டி முடிச்சிட்டு திரும்ப போயி பயாலஜி கிளாஸ்ல உக்காந்தவரு.

பரீட்சை விஷயம் சுருக்கமா சொல்லுதேன். எம்எஸ்சிக்கு ஐஐடி ஜாம், காட்-பி. பிஎச்டிக்கு சிஎஸ்ஐஆர்-யுஜிசி நெட், டிபிடி ஜேஆர்எஃப், கேட், ஜீபில்ஸ். நெட் லைஃப் சயின்சஸ் 200 மார்க், அதுல சி பார்ட் மட்டும் 100, அங்க மனப்பாடம் செல்லாது, எக்ஸ்பெரிமெண்ட் டேட்டாவ குடுத்து என்ன அர்த்தம்னு கேக்காங்க. ஜேஆர்எஃப், அதாவது பிஎச்டி பண்றவங்களுக்குக் குடுக்குற ஃபெல்லோஷிப், கெடச்சா முதல் ரெண்டு வருஷம் மாசம் 37,000 ரூவா, அப்புறம் 42,000, வாடகப் படி தனி. வீட்டுல இந்தக் கணக்கச் சொல்லுங்க, பிஎச்டி வேலையான்னு அப்புறம் கேக்க மாட்டாங்க.

கைடு தேர்வு பண்ணும்போது இன்ஸ்டிட்யூட் பேர மட்டும் பாத்து சேராதீங்க, அஞ்சு வருஷத்துக்கு மேல கூட இருக்கணும். அந்த லேப்ல இப்ப இருக்கிற அக்கா அண்ணன்மார்கிட்ட தனியா பேசுங்க, முன்னாடி படிச்சவங்க எத்தன வருஷத்துல முடிச்சாங்க, இப்ப எங்க இருக்காங்க, பேப்பர்ல யாரு பேரு முதல்ல போட்டாங்க, உடம்புக்கு முடியலன்னா லீவு தாராங்களான்னு கேளுங்க. பதில் சொல்லத் தயங்குனாங்கன்னா வேற லேப் பாருங்க.

இந்த வருஷம் சம்மர் ஃபெல்லோஷிப் போடப் போறவங்க அக்டோபர்லயே உங்க காலேஜ்ல நல்லா தெரிஞ்ச ஒரு சார்கிட்டயோ மேடம்கிட்டயோ ரெகமண்டேஷன் லெட்டர் கேட்டு வைங்க, வெறும் கையோட போகாம மார்க் லிஸ்ட், நீங்க படிச்ச பேப்பரு, எந்த லேப் போக ஆசை, ஏன்னு ஒரு பக்கத்துல எழுதி கையில குடுங்க, கடைசி தேதியையும் அதுல மேலயே பெருசா எழுதிருங்க.