11 கிலோவோல்ட் மின்மாற்றியின் லீடுகளுக்குக் காகிதம் சுற்றுவது எப்படி? புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மின்மாற்றி பழுதுபார்க்கும் பட்டறையில் புதிதாகச் சேருபவருக்குச் சில நாட்களிலேயே கிடைக்கும் வேலை, உயர் மின்னழுத்த லீடுகளுக்கு, அதாவது காயிலிலிருந்து வெளி இணைப்புக்குப் போகும் கம்பிகளுக்கு, காகிதம் சுற்றுவது. காயில் சுற்றப் பழக ஆண்டுக்கணக்காகும், காகிதம் சுற்றுவது யாருக்கும் வரும் என்ற நினைப்புதான் காரணம். அந்த நினைப்பால் கெட்டுப்போன மின்மாற்றிகளை நானே திறந்து பார்த்திருக்கிறேன். அதில் ஒன்று, பழுது நீக்கிப் போன சில மாதங்களிலேயே திரும்பி வந்தது. காயில்கள் மூன்றும் நன்றாகவே இருந்தன. ஒரு லீடின் காகிதத்தைப் பிரித்தபோது, இணைப்பில் ஈயப்பற்று முள்போல நீட்டிக்கொண்டிருந்தது. அந்த முள்ளின் நேர் எதிரே எல்லாச் சுற்றுகளையும் துளைத்துக்கொண்டு ஒரு கருகிய ஓட்டை. ஓர் அரத்தால் இரண்டு நிமிடம் தேய்த்திருந்தால் நேர்ந்திருக்காத சேதம் அது.

இங்கே நான் எடுத்துக்கொள்வது, தெருவோரக் கம்பங்களில் நாம் பார்க்கும் 100 கே.வி.ஏ. திறனுள்ள, 11,000/433 வோல்ட் விநியோக மின்மாற்றி. உயர் அழுத்தப் பக்கம் டெல்டா (மூன்று பேஸும் முனையோடு முனை சேர்ந்து முக்கோணமாக), தாழ் அழுத்தப் பக்கம் ஸ்டார் (மூன்றும் ஒரு முனையில் நியூட்ரல் புள்ளியில் சேர்ந்து). பெரிய மின்மாற்றிகளுக்கும் அடிப்படை இதுதான். ஆனால் அவற்றின் கனமும் இடைவெளியும் வேறு. எதுவானாலும் வரைபடத்தில் உள்ள அளவே இறுதியானது.

கை வைக்கும் முன்

ஓடும் மின்மாற்றியில் செய்யும் வேலை அல்ல இது. இரண்டு பக்கமும் இணைப்பைக் கழற்றி, எர்த் செய்து, பட்டறைக்குக் கொண்டுவந்து, அனுபவமுள்ளவர் அருகில் இருக்கும்போதே செய்ய வேண்டும். "மேலே ஏபி சுவிட்சை (கம்பத்தில் உயர் அழுத்த லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்துவிட்டோம், போதாதா?" என்று கேட்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். இந்த மின்மாற்றியில் ஒரு பேஸுக்கான சுற்று விகிதம் 44, அதாவது உயர் அழுத்தக் காயிலில் கம்பிச் சுற்றுகள் தாழ் அழுத்தக் காயிலைப் போல 44 மடங்கு. யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரிலிருந்து 230 வோல்ட் தாழ் அழுத்தப் பக்கம் தவறி வந்துவிட்டால், மேல்பக்கத்தில் 10,120 வோல்ட் நிற்கும். இரண்டு பக்கமும் எர்த் செய்வது இதற்காகத்தான்.

லீடு எங்கே போகிறது என்று முதலில் பாருங்கள்

காகிதத்தை எடுப்பதற்கு முன், லீடுகளின் பாதையை விரலால் தடவிக்கொண்டே போய்ப் பாருங்கள். ஒவ்வொரு பேஸிலும் காயில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, தொடராக இணைக்கப்பட்டிருக்கும். மேல்முனை ஒன்று, கீழ்முனை ஒன்று. ஒரு பேஸின் கீழ்முனை, அடுத்த பேஸின் மேல்முனையோடு சேர்ந்தால்தான் டெல்டா உருவாகும். ஆகவே கீழ்முனை லீடு தன் சொந்தக் காயிலை ஒட்டியபடியே மேலே ஏறி வர வேண்டும்.

புதியவர்கள் ஏமாறுவது இங்கேதான். "ஒரே பேஸ்தானே, காயிலுக்கும் லீடுக்கும் நடுவில் என்ன வித்தியாசம் இருக்கப்போகிறது?" என்று மெல்லிய காகிதத்தோடு விட்டுவிடுகிறார்கள். டெல்டாவில் ஒரு பேஸின் இரு முனைகளுக்கும் இடையே முழு 11,000 வோல்ட் இருக்கிறது. கீழே புறப்படும்போது பக்கத்துக் காயிலோடு பெரிய வித்தியாசம் இருக்காது. மேலே ஏற ஏற வித்தியாசம் வளர்ந்து, உச்சியிலுள்ள காயிலைக் கடக்கும்போது முழு அளவைத் தொடும். தொட்டிச் சுவருக்கு எதிரே லீடு தாங்க வேண்டியது 6,350 வோல்ட்தான். சொந்தக் காயிலுக்கு எதிரே அதைவிட அதிகம் தாங்க வேண்டும் என்பதைப் பலர் நம்பவே மறுக்கிறார்கள்.

காகிதம் எதற்கு, எண்ணெய் எதற்கு

எண்ணெயே நல்ல மின்காப்புப் பொருள். வெளியே காற்றில், 11 கிலோவோல்ட் புஷிங்குகளின் (லீடு தொட்டியைவிட்டு வெளியேறும் பீங்கான் காப்புகள்) உலோக முனைகளுக்கு நடுவே 255 மி.மீ. இடைவெளி கேட்கிறோம். உள்ளே எண்ணெயில் சில பத்து மி.மீ. போதுமானதாகிறது. பிறகு காகிதம் ஏன்?

கம்பி எவ்வளவு மெல்லியதோ, அதன் மேற்பரப்பில் மின்புலம் அவ்வளவு கூர்மையாகிறது. ஒரு கணக்கு: 25 மி.மீ. ஆரமுள்ள எண்ணெய் உருளையின் நடுவே கம்பி இருப்பதாக வைத்துக்கொண்டு, சோதனை அழுத்தமான 28 கிலோவோல்ட்டைக் கொடுப்போம். கம்பி 1.2 மி.மீ. விட்டமென்றால் அதன் மேற்பரப்பில் ஒவ்வொரு மி.மீட்டருக்கும் சுமார் 12.5 கிலோவோல்ட். 4 மி.மீ. விட்டமென்றால் சுமார் 5.5. அதே 4 மி.மீ. கம்பிக்கு 2 மி.மீ. கனத்தில் காகிதமும் சுற்றிவிட்டால், எண்ணெய் சந்திக்கும் மிகக் கூடிய அழுத்தம் சுமார் 3.1 ஆகத் தணிகிறது. காயிலிலிருந்து வரும் மெல்லிய கம்பியை அப்படியே புஷிங் வரை இழுக்காமல், தடித்த செம்புக் கம்பியோடு இணைத்துக் கொண்டுபோவதற்கு உறுதி மட்டும் காரணமல்ல என்பது இப்போது புரியும்.

ஆனால் காகிதத்துக்குள் காற்று சிக்கிவிட்டால் எல்லாம் தலைகீழ். எண்ணெய் ஊறிய காகிதத்தின் மின்கடவாமை எண் (டைஎலெக்ட்ரிக் மாறிலி) சுமார் 3.5. காற்றுக்கு 1. இந்த எண் குறைந்த பொருளின் மேல்தான் அழுத்தம் அதிகம் விழும். அதனால் கம்பியை ஒட்டி நிற்கும் மெல்லிய காற்றிடைவெளி, பக்கத்துக் காகிதத்தைவிட மூன்றரை மடங்கு அழுத்தத்தைச் சுமக்கிறது. தாங்கும் திறனோ காற்றுக்குத்தான் மிகக் குறைவு. அங்கே சிறு பொறிகள் தோன்றி, காகிதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஆகவே நீங்கள் சுற்றும் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் உள்ளே வரவும் காற்று வெளியேறவும் வழி இருக்க வேண்டும். கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஒன்றுக்காகத்தான்.

தேவையான பொருட்கள்

20 முதல் 25 மி.மீ. அகலமுள்ள கிரேப் காகிதச் சுருள், பருத்தி நாடா, பிரஸ்போர்டு (அழுத்திச் செய்த கெட்டிக் காப்பு அட்டை) துண்டுகள், லீடைப் பிடித்து நிறுத்தும் மரத் தாங்கிகள், நுண்ணிய அரம், உப்புத்தாள், கனம் அளக்க வெர்னியர், சுத்தமான பருத்திக் கையுறை. கிரேப் காகிதத்தில் இருக்கும் சுருக்கங்கள்தான் அதன் சிறப்பு. வளைவில் கிழியாமல் படிவதும், எண்ணெயை உள்ளே இழுப்பதும் அவற்றால்தான்.

பட்டறையில் பி.வி.சி. டேப் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். அதைத் தொடாதீர்கள். சூடான எண்ணெயில் அதன் மென்மையூட்டிகள் கரைந்து எண்ணெயைக் கெடுக்கும். பசை இளகி நாடாவும் கழன்றுபோகும். ஒட்டுப்பசையுள்ள எந்த நாடாவும் தொட்டிக்குள் போகக் கூடாது.

காகிதம் ஈரத்தை உறிஞ்சும் பொருள். திறந்து வைத்தால் காற்றிலிருந்தே தன் எடையில் ஆறேழு சதவீதம் நீரை எடுத்துக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் ஊர்க் காற்று எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சுருளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய உறையில் வையுங்கள். தேவையான அளவு மட்டும் வெளியே வரட்டும்.

படி 1: இணைப்பு

வேலை தொடங்குமுன் காயில்களைச் சுத்தமான துணியால் மூடுங்கள். அரத்தூள் ஒரு துகள்கூடக் காயில் இடுக்கில் விழக் கூடாது. எனாமல் கம்பியானால் எனாமலை முழுவதும் சுரண்டி, செம்பு பளபளக்கும்வரை தேய்த்து, தடித்த கம்பியோடு இணையுங்கள். ஈயப்பற்று வைத்தால், பற்று பிடிக்கத் தடவும் பசையாக ரோசின் மட்டும் போதும். அமிலப் பசை பிற்பாடு அரிக்கும். அலுமினியக் கம்பியானால் ஈயப்பற்று சரிவராது. அதற்குரிய குழாயில் நுழைத்து அழுத்தி இணைக்க வேண்டும்.

ஆறியதும் அரத்தால் தேய்த்து, பிறகு உப்புத்தாள். கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பாருங்கள். எங்கேயாவது உறுத்தினால் மீண்டும் தேயுங்கள். நான் முதலில் சொன்ன மின்மாற்றி கெட்டது இந்தப் படியில்தான்.

படி 2: விகிதச் சோதனை

காகிதம் சுற்றிய பிறகு டெல்டா தவறென்று தெரிந்தால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும். அதனால் இப்போதே பார்த்துவிடுங்கள். இணைப்புகள் எதிலும் கை படாதபடி எல்லோரும் விலகி நின்றபின், உயர் அழுத்தப் பக்கம் மூன்று பேஸ் 400 வோல்ட் கொடுத்தால், கீழே பேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 9.1 வோல்ட் மூன்றிலும் ஒரே மாதிரி வர வேண்டும்.

படி 3: பழைய காகிதத்தைச் சீவுதல்

காயிலிலிருந்து வரும் பழைய காப்பை இணைப்பருகே செங்குத்தாக வெட்டிவிட்டு, அதில் முட்டுமாறு புதியதைச் சுற்றுவது பெருந்தவறு. அந்த முட்டு வெறும் எண்ணெய்ச் சந்தாகி, கம்பியிலிருந்து வெளியே நேராக ஒரு பாதையைத் திறந்துவிடும். பென்சில் சீவுவதுபோலச் சரிவாகச் சீவுங்கள். கனத்தைப் போலப் பத்து மடங்கு நீளச் சரிவு என்பது என் வழக்கம்: 2 மி.மீ. கனத்துக்கு 20 மி.மீ. சீவும் கத்தி உள்ளே கம்பியைக் கீறிவிடாமல் கவனம் தேவை.

படி 4: சுற்றுதல்

கையுறை அணிந்துகொள்ளுங்கள். வியர்வையில் உப்பும் நீரும் உண்டு.

சரிவு தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்பே, பழைய காகிதத்தின் மேலேயே தொடங்குங்கள். காகிதத்தைச் சாய்வாகப் பிடித்து, ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடுமாறு கொண்டுபோங்கள். இப்படிப் பாதி மேல்படிந்தால் ஒருமுறை போய்முடிக்கும்போது இரண்டு அடுக்கு கிடைக்கும். 0.1 மி.மீ. காகிதமானால் 2 மி.மீ. கனத்துக்குப் பத்து முறை போக வேண்டும். ஒருமுறை இடமிருந்து வலம், மறுமுறை வலமிருந்து இடம். முந்தைய சுற்றின் விளிம்புக்கு மேலேயே புதிய விளிம்பு வராதபடி சற்றுத் தள்ளித் தொடங்குங்கள்.

எவ்வளவு இழுப்பது? இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், கைப்பழக்கத்தில்தான் வரும். சுருக்கங்கள் முற்றிலும் மறைந்து காகிதம் வழவழவென்று ஆனால் அதிகம் இழுத்துவிட்டீர்கள். எண்ணெய்க்கு வழி அடைபட்டது, கனமும் குறைந்தது. விரலால் திருகினால் காகிதம் கம்பியின் மேல் சுழன்றால் குறைவாக இழுத்திருக்கிறீர்கள். முதல் ஒரு வாரம், பயனற்ற கம்பித் துண்டில் சுற்றி, பிரித்து, மீண்டும் சுற்றிப் பழகுங்கள். வளைவுகளில் உட்பக்கம் காகிதம் குவியும், வெளிப்பக்கம் விரியும். வெளிப்பக்கத்தில் பாதி மேல்படிவு இருக்கிறதா என்று அங்கே மட்டும் நின்று பாருங்கள்.

கனத்தைச் சுற்றுகளை எண்ணி முடிவுசெய்யாதீர்கள். இழுப்பு ஆளுக்கு ஆள் மாறும். வெர்னியரை அழுத்தாமல் வைத்து மூன்று நான்கு இடங்களில் அளந்து பாருங்கள். முடிவில் பருத்தி நாடாவை மேலே சுற்றி, நுனியைச் சுற்றுக்குள் செருகிக் கட்டுங்கள்.

படி 5: தாங்கிகளும் புஷிங் முனையும்

வெளியே ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது லீடுகள் ஒன்றையொன்று தள்ளும், இழுக்கும். தாங்கியில் பிடித்து நிறுத்தாத லீடு ஆடி ஆடிக் காகிதம் தேயும். தாங்கி கவ்வும் இடத்தில் பிரஸ்போர்டு ஒரு மடிப்பு கூடுதலாக வையுங்கள். ஆனால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: வெறும் எண்ணெய் இடைவெளியைவிட, மரத்தின் மேற்பரப்பு வழியாக மின்சாரம் ஊர்ந்து போவது எளிது. லீடிலிருந்து எர்த் ஆன இரும்புவரை மரத்தின் வழியே உள்ள தூரத்தை வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.

புஷிங்கின் அடிமுனைக்குப் போகும் இடத்தில் கொஞ்சம் தளர்வு விடுங்கள். இறுக்கமாக இழுத்துக் கட்டினால் பீங்கான் மேல் சுமை ஏறும்.

படி 6: உலர்த்துதல்

ஓவனில் சுமார் 100 டிகிரி. பழைய எண்ணெய் சொட்டுவது முழுதும் நின்ற பிறகே உள்ளே வைக்க வேண்டும், இல்லையென்றால் தீப்பிடிக்கும் ஆபத்து. மணிக்கொரு முறை மெகர் கருவியில் காப்பு மின்தடை அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் அளவு இறங்கும். பார்த்துப் பயப்பட வேண்டாம், சூட்டில் அது இயல்பு. பிறகு மெல்ல ஏறி, ஓரிடத்தில் மாறாமல் நிற்கும். நின்ற பிறகும் சில மணி நேரம் விடுங்கள். நேரமாகிறது என்று யார் அவசரப்படுத்தினாலும் இந்தப் படியில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வெளியே எடுத்ததும் தாமதிக்க முடியாது. காய்ந்த காகிதமும் பிரஸ்போர்டும் சுருங்கியிருக்கும், போல்ட்டுகளை மீண்டும் இறுக்கி உடனே தொட்டிக்குள் இறக்குங்கள்.

படி 7: எண்ணெயும் சோதனையும்

எண்ணெயை முதலில் பி.டி.வி. கருவியில் (எண்ணெய் எத்தனை வோல்ட்டில் முறிகிறது என்று காட்டுவது) 2.5 மி.மீ. இடைவெளியில் சோதியுங்கள். 50 கிலோவோல்ட்டுக்குக் குறைந்த எண்ணெயை நான் நிரப்புவதில்லை, மீண்டும் வடிகட்டச் சொல்வேன். வெதுவெதுப்பான எண்ணெயை அடியிலிருந்து மெதுவாக ஏற்றினால் காற்று மேலே தள்ளப்பட்டு வெளியேறும். வெற்றிடத்தில் நிரப்ப வசதி இருந்தால் மிக நல்லது. ஒரு நாள் முழுதும் ஊற விட்டு, புஷிங்குகளில் தங்கிய காற்றைத் திறந்துவிட்டு, எண்ணெய் மட்டத்தைச் சரிபாருங்கள்.

புதிய மின்மாற்றிக்கு உயர் அழுத்தச் சோதனை ஒரு நிமிடம் 28 கிலோவோல்ட். பயன்பாட்டில் இருந்து பழுது நீக்கியதற்கு வழக்கமாக அதில் 80 சதவீதம், அதாவது 22.4. இதில் தேறியதும் பலர் வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். இந்தச் சோதனையில் மூன்று பேஸ்களும் சேர்ந்தே உயர்கின்றன. அவற்றுக்கு நடுவே அழுத்தமே இருப்பதில்லை. சொந்தக் காயிலை ஒட்டி ஏறும் அந்தக் கீழ்முனை லீடை இது தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதைச் சோதிப்பது, தாழ் அழுத்தப் பக்கம் 100 ஹெர்ட்ஸில் இருமடங்கு மின்னழுத்தம், 866 வோல்ட், 60 வினாடி கொடுக்கும் தூண்டு மின்னழுத்தச் சோதனை. பழுது நீக்கியதற்கு இதிலும் அதே 80 சதவீதக் கணக்கு பொருந்தும். இரண்டையும் செய்த பிறகே அனுப்புங்கள்.

தொட்டிக்குள் இறக்குவதற்கு முன் எல்லா லீடுகளையும் நான்கு பக்கமிருந்தும் கைப்பேசியில் படமெடுத்து, வெர்னியர் அளவுகளோடு பதிவேட்டில் சேர்த்து வையுங்கள். அடுத்த முறை அதே மின்மாற்றி வந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்று அந்தப் படங்களே காட்டும்.