ஈரானின் சிறு சீர்திருத்தக் கட்சிகள்: செய்தி படிக்கும்போது நாம் சறுக்கும் இடங்கள்

ஈரானில் தேர்தல் முடிந்ததும் நம் செய்திகளில் ஒரே வரிதான் வரும்: "சீர்திருத்தவாதிகள் படுதோல்வி", இல்லையென்றால் "சீர்திருத்தவாதிகள் அமோக வெற்றி". இஸ்லாமியக் குடியரசின் அமைப்புக்குள்ளேயே இருந்து மாற்றம் கேட்பவர்கள்தான் சீர்திருத்தவாதிகள்; அவர்களுக்கு எதிர்முகாம் பழமைவாதிகள். யார் நின்றார்கள், யாரை நிற்கவே விடவில்லை, கூட்டணி என்ற பெயரில் எந்தெந்தச் சிறு கட்சிகள் சேர்ந்தன என்பதெல்லாம் அந்த வரியில் அடிபட்டுப் போகும். அதை நம்பி அந்த நாட்டு மக்களின் மனநிலையைக் கணிக்கப் போனால் தவறான முடிவுக்குத்தான் வருவோம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, கிடைத்த இடங்களை எண்ணி மக்கள் ஆதரவை அளப்பது. ஈரானில் வாக்குப்பதிவுக்கு முன்பே தேர்தலின் பாதி முடிந்துவிடுகிறது. பன்னிரண்டு பேர் கொண்ட பாதுகாவலர் சபை வேட்பாளர்களை வடிகட்டுகிறது. அதில் ஆறு மதகுருமார்களை உச்சத் தலைவர் நேரடியாக நியமிக்கிறார். மற்ற ஆறு சட்ட வல்லுநர்களை, அவரே நியமித்த நீதித்துறைத் தலைவர் முன்மொழிய, நாடாளுமன்றமான மஜ்லிஸ் தேர்ந்தெடுக்கிறது.

2004 மஜ்லிஸ் தேர்தலைப் பாருங்கள். 2000-இல் மஜ்லிஸில் பெரும்பான்மை பிடித்திருந்த சீர்திருத்த அணியில், பதவியில் இருந்த எண்பது உறுப்பினர்கள் வரை மறுபடி போட்டியிடத் தகுதியில்லை என்று தள்ளப்பட்டார்கள். அவர்களும் சக உறுப்பினர்களும் மஜ்லிஸ் கட்டடத்துக்குள்ளேயே வாரக்கணக்கில் உள்ளிருப்புப் போராட்டம் நடத்தினார்கள். பலன் இல்லை. அணியின் மிகப் பெரிய கட்சியான முஷாரகத் தேர்தலைப் புறக்கணித்தது. மிதவாதிகளும் சிறு கட்சிகளும் சேர்ந்து "ஈரானுக்கான கூட்டணி" என்ற பெயரில் களத்தில் நின்றன. அப்போது மஜ்லிஸ் சபாநாயகராக இருந்த மெஹ்தி கரூபிகூட டெஹ்ரானில் முதல் சுற்றில் தேறவில்லை. இரண்டாம் சுற்றிலிருந்து விலகிக்கொண்டார். தலைநகரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானவர்களே வாக்களித்திருந்தார்கள். இதை "மக்கள் சீர்திருத்தத்தை நிராகரித்தார்கள்" என்று எழுதுவது அநியாயம். மக்கள் விரும்பிய பெயர்கள் பட்டியலிலேயே இல்லை.

அடுத்த தவறு, பட்டியலைக் கட்சியாக நினைப்பது. கூட்டணி என்றதும் தொகுதிப் பங்கீடும் சின்னமும் கொறடா உத்தரவும் நம் மனதில் ஓடும். அங்கே வாக்குச்சீட்டில் கட்சிப் பெயரும் கிடையாது, சின்னமும் கிடையாது. டெஹ்ரான் தொகுதிக்கு மட்டும் 30 உறுப்பினர்கள். கோடு போட்ட சீட்டில் முப்பது பெயர்கள் வரை வாக்காளர் தன் கைப்பட எழுத வேண்டும். முப்பது பெயரை யார் மனப்பாடம் செய்வார்? கையில் ஒரு துண்டுச்சீட்டோ கைப்பேசித் திரையோ வைத்துக்கொண்டு பார்த்து எழுதுகிறார்கள். கூட்டணியின் உண்மையான வேலை அந்தத் துண்டுச்சீட்டைத் தயாரிப்பதுதான். அதில் யார் பெயர் ஏறும் என்பதில்தான் சிறு கட்சிகள் மல்லுக்கட்டுகின்றன.

2016 மஜ்லிஸ் தேர்தலில் இது உச்சத்துக்குப் போனது. சீர்திருத்தவாதிகளின் முகமான முன்னாள் அதிபர் முகம்மது கத்தாமியின் படத்தையோ பேச்சையோ ஊடகங்கள் வெளியிடத் தடை இருந்த நேரம். அவர் ஒரு காணொளியில் தோன்றி, சீர்திருத்தவாதிகளும் மிதவாதிகளும் சேர்ந்து போட்ட "நம்பிக்கைப் பட்டியலில்" உள்ள எல்லோருக்கும் வாக்களியுங்கள் என்று கேட்டார். அது கைப்பேசி வழியாக நாடெங்கும் பரவியது. டெஹ்ரானின் 30 இடங்களையும் அந்தப் பட்டியல் அள்ளியது. தெரிந்த முகங்களில் பெரும்பாலோரைத் தகுதிநீக்கம் செய்துவிட்டதால், அதில் பலர் யாருக்கும் தெரியாதவர்கள். அலி மொத்தஹரி போன்ற பழமைவாதப் பின்னணி கொண்டவர்களும் இருந்தார்கள். விளைவு சில மாதங்களில் தெரிந்தது. சபாநாயகர் தேர்தலில் பட்டியலின் தலைவர் முகம்மது ரேசா ஆரிஃபுக்கு 103 வாக்குகள், பழமைவாதியான அலி லாரிஜானிக்கு 173. டெஹ்ரானின் முப்பதைப் பார்த்து "மஜ்லிஸ் சீர்திருத்தவாதிகள் கைக்கு வந்துவிட்டது" என்று எழுதியவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாந்தார்கள்.

வாக்கு பிரிந்ததால் தோற்றார்கள் என்று கணக்குப் போடுவதும் அடிக்கடி நடக்கிறது. இதற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் 2005 அதிபர் தேர்தல். முதல் சுற்றில் முன்னாள் அதிபர் ரஃப்சஞ்சானிக்கு 21 சதவீதம், கடைசியில் அதிபரான பழமைவாதி அஹ்மதிநெஜாதுக்கு 19, கரூபிக்கு 17, முஸ்தபா மொயீனுக்கு 14, மொஹ்சென் மெஹ்ரலிசாதேவுக்கு 4. கடைசி மூன்று பேரும் சீர்திருத்த அணி. கூட்டினால் 35. ஒரே ஆளை நிறுத்தியிருந்தால் இரண்டாம் சுற்று உறுதி, அஹ்மதிநெஜாத் வந்திருக்கவே மாட்டார் என்பது வாதம். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் அந்த வாக்குகள் ஒரே பானைச் சோறு அல்ல. கரூபி லோரெஸ்தான் மாகாணத்துக்காரர். வயது வந்த ஒவ்வொருவருக்கும் மாதம் 50,000 தொமான் (ஈரானியப் பணம்) தருவேன் என்று வாக்குறுதி கொடுத்தவர். அவருக்கு விழுந்ததில் மண்ணின் மைந்தர் என்ற பாசமும் பணத்தேவையும் கலந்திருந்தன. மொயீனுக்கு விழுந்தது மாணவர்கள், நகர்ப்புறப் படித்தவர்கள் வாக்கு. மெஹ்ரலிசாதே அஜர்பைஜானி மக்கள் வாழும் வடமேற்கு மாகாணங்களில் முதலிடம் வந்தவர். மொயீன் விலகியிருந்தால் அவருடைய மாணவர்கள் கரூபிக்குப் போட்டிருப்பார்களா? வீட்டிலேயே இருந்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. கரூபி அந்தத் தோல்விக்குப் பிறகு எத்தெமாத்-எ-மெல்லி என்ற தனிக் கட்சியே தொடங்கினார். அடுத்த மஜ்லிஸ் தேர்தலில் சீர்திருத்தவாதிகள் இரண்டு பட்டியலாக நின்றார்கள்.

விட்டுக்கொடுத்து வென்ற தேர்தலும் உண்டு. 2013 அதிபர் தேர்தலில் கத்தாமியின் பேச்சைக் கேட்டு ஆரிஃப் விலகினார், ஹசன் ரூஹானி முதல் சுற்றிலேயே 50.7 சதவீதத்தில் வென்றார். ஆனால் ரூஹானி சீர்திருத்தவாதி அல்ல. பழமைவாத மதகுருமார் அமைப்பிலிருந்து வந்த மிதவாதி. அவரைச் சீர்திருத்த அதிபர் என்று எழுதுவது இன்னொரு வழக்கமான பிழை.

சீர்திருத்தவாதி என்றால் மேற்கத்திய ஆதரவாளர், மதச்சார்பற்றவர் என்ற எண்ணமும் வேண்டாம். இவர்களில் மூத்தவர்கள் பலர் 1980-களின் இஸ்லாமிய இடதுசாரிகள். கத்தாமி அரசில் துணை அதிபராக இருந்த மசூமே எப்தெகார், 1979-இல் அமெரிக்கத் தூதரகத்தைப் பிடித்த மாணவர்களின் செய்தித் தொடர்பாளர். பொருளாதாரத்தில் ஒற்றுமையே கிடையாது: தனியார்மயத்தை ஆதரிக்கும் கார்கோசாரான் கட்சியும், தொழிற்சங்க அமைப்பான தொழிலாளர் இல்லமும் ஒரே பட்டியலில் கைகோத்திருக்கின்றன.

பெரிய கட்சிகள் ஒதுங்கும்போதும் நிற்கும் சிறு கட்சிகளை "அரசின் கைப்பாவை" என்று ஒதுக்கிவிடுவதும் சுலபம். அதிபர் தேர்தல் முடிவை எதிர்த்து எழுந்த 2009 கிளர்ச்சிக்குப் பிறகு முஷாரகத் கட்சி தடை செய்யப்பட்டது. அதன் ஆட்கள் பலர் சிறை சென்றார்கள். உரிமம் போனால் அலுவலகம், கூட்டம், வட்டாரக் கிளை எல்லாம் போகும். இதைக் கண்ணால் பார்த்த ஒரு சிறு கட்சி, தோற்றாலும் பரவாயில்லை, சட்டத்துக்குள் இருப்போம் என்று முடிவெடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு விலையும் உண்டு. 2020 மஜ்லிஸ் தேர்தலில், சீர்திருத்தவாதிகளின் பொது அமைப்பான கொள்கை வகுப்பு மன்றம் டெஹ்ரானுக்குப் பட்டியல் தர மறுத்தது. சில கட்சிகள் தாங்களாகவே பட்டியல் போட்டன. 30 இடங்களும் பழமைவாதிகளுக்கே போயின. போட்டி இருந்தது என்று காட்ட மட்டுமே அந்தப் பட்டியல்கள் உதவின என்ற விமர்சனத்தை என்னால் மறுக்க முடியவில்லை.

கடைசியாக, வாக்களிக்காதவர்களை மறப்பது. 2017 டிசம்பரில் தொடங்கிய போராட்டங்களில், சீர்திருத்தவாதி, பழமைவாதி இருவரின் ஆட்டமும் முடிந்தது என்று தெருவில் முழக்கம் எழுந்தது. 2021 அதிபர் தேர்தலில் சில சீர்திருத்தக் கட்சிகள் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர் ஹெம்மதியை ஆதரித்தன. அவருக்குக் கிடைத்தது சுமார் 24 லட்சம். செல்லாத வாக்குகள் 37 லட்சம். 2024 ஜூன் அதிபர் தேர்தலில், சீர்திருத்தக் கட்சிகளின் கூட்டமைப்பான சீர்திருத்த முன்னணி முன்மொழிந்த மூவரில் மசூத் பெசெஷ்கியானுக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. மொத்த முன்னணியும் கத்தாமியும் பின்னால் நின்றும், முதல் சுற்றில் வாக்களித்தவர்கள் 40 சதவீதம்தான். இரண்டாம் சுற்றில் அது 50-ஐ நெருங்கியது, பெசெஷ்கியான் வென்றார். அப்போதும் பாதி நாடு வாக்குச்சாவடிப் பக்கம் வரவில்லை. அந்தப் பாதியைப் பழமைவாதிகளின் கணக்கிலும் சேர்க்க முடியாது, சீர்திருத்தவாதிகளின் கணக்கிலும் சேர்க்க முடியாது.