குழந்தைக்கு ட்ரீட்மென்ட் போறீங்களா, பணத்தையும் எல்லையையும் முதல்லயே பேசிடுங்க

கல்யாணமாகி ரெண்டு மூணு வருஷம் ஆகி, "விசேஷம் ஏதாவது உண்டா"ன்னு கேக்குறவங்களுக்கு பதில் சொல்லியே அலுத்துப்போய், சரி டாக்டரைப் பாத்துடலாம்னு கிளம்புறவங்க நிறைய பேரு நேரா ஐவிஎஃப்னு (முட்டையையும் விந்தணுவையும் லேப்ல சேத்து கருவாக்கி கர்ப்பப்பைல வைக்கிற ட்ரீட்மென்ட்) பெருசா போர்டு மாட்டியிருக்கிற இடத்துக்குத்தான் போறாங்க. அங்க போனா பேச்சு ஐவிஎஃப்ல தான் ஆரம்பிக்கும். அதுக்கு முன்னாடி சின்ன காசுல முடியுற வேலை கொஞ்சம் இருக்கு, அதை ஒரு நல்ல லேடி டாக்டர்கிட்டயே முடிச்சிடலாம். ஒரு வருஷம் முயற்சி பண்ணியும் நிக்கலன்னா போங்க, பொண்ணுக்கு 35 தாண்டியிருந்தா ஆறு மாசத்துலயே போங்க, இதுல தள்ளிப்போடவே கூடாது.

முதல் டெஸ்ட் ஆம்பளைக்கு. இதை நான் அழுத்திச் சொல்றேன். விந்து பரிசோதனை சில நூறு ரூபாய்ல இருந்து ஆயிரம் ஆயிரத்து ஐநூறுக்குள்ள முடிஞ்சிடும், ஊசி கிடையாது வலி கிடையாது, ஆனா "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்"னு அவர் ஒதுங்கிக்க, பொண்ணு மட்டும் ஸ்கேன், கருக்குழாயைப் பாக்குற ட்யூப் டெஸ்ட், வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பாக்குற லேப்ராஸ்கோப்பின்னு ஒவ்வொண்ணா போயிட்டு இருப்பா. குழந்தை நிக்காத ஜோடிகள்ல பாதிக்குப் பாதி ஆண் பக்கமும் ஏதோ ஒரு காரணம் இருக்கும். ரெண்டுல இருந்து ஏழு நாள் இடைவெளி விட்டு சாம்பிள் குடுக்கணும், ஒரு ரிப்போர்ட் மோசமா வந்தா அதை வச்சு முடிவு பண்ணாம இன்னொரு தடவை எடுக்கணும். புது விந்தணு உருவாகி வர ரெண்டரை மாசத்துக்கு மேல ஆகும், அதனால சிகரெட்டு, ஹான்ஸ் எல்லாம் இன்னைக்கு விட்டா பலன் மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும்.

பொண்ணுக்கு தைராய்டு, ப்ரோலாக்டின்ங்கிற ஹார்மோன், முட்டை இருப்பைக் காட்டுற ஏஎம்ஹெச், முட்டை வளர்றதைப் பாக்குற ஃபாலிக்குலர் ஸ்கேன், ட்யூப் அடைப்பு பாக்குற ஹெச்எஸ்ஜி இவ்வளவுதான் அடிப்படை. ஏஎம்ஹெச் கம்மின்னு ரிப்போர்ட்டைக் காட்டி பயமுறுத்தினா உடனே கையெழுத்து போட்டுடாதீங்க, முட்டை வளர ஊசி போட்டா எத்தனை முட்டை வரலாம்னு யூகிக்கத்தான் அந்த நம்பர், தானா கரு நிக்குமா நிக்காதான்னு அது சொல்லாது. பிசிஓஎஸ் (ஹார்மோன் கோளாறால முட்டை சரியா வெளிய வராத பிரச்சனை) இருந்தா எடையைக் கொஞ்சம் குறைச்சு, முட்டை வளர வைக்கிற லெட்ரசோல் மாத்திரையிலேயே நிறைய பேருக்கு முட்டை வெடிச்சு நின்னுடுது, அதுக்கு செலவு ஆயிரக் கணக்குலதான். ரெண்டு ட்யூபும் அடைப்பு, இல்ல விந்தணு ரொம்ப ரொம்பக் கம்மின்னா, விந்தணுவை நேரா கர்ப்பப்பைக்குள்ள விடுற ஐயுஐயை அஞ்சாறு தடவை பண்ணி காசையும் வருஷத்தையும் கரைக்கிறதுல அர்த்தமே இல்ல, அப்போ நேரா ஐவிஎஃப் மாதிரி பெரிய ட்ரீட்மென்ட் போறதுதான் சரி. அதாவது காரணம் தெரிஞ்சாத்தான் எதுக்கு காசு போடலாம்னு முடிவு பண்ண முடியும்.

இப்போ ஐவிஎஃப் ரேட்டு. இது கல்யாண மண்டபம் புக் பண்ற மாதிரி, சொன்ன வாடகை ஒண்ணு, கரண்ட் ஜெனரேட்டர் க்ளீனிங் எல்லாம் சேத்து கட்டுறது ஒண்ணு. தமிழ்நாட்டு தனியார் சென்டர்ல ஒரு சைக்கிளுக்கு (ஊசியில ஆரம்பிச்சு கரு வைக்கிற வரைக்குமான ஒரு சுத்து) எல்லாம் சேத்து ஒன்றரை லட்சத்துல இருந்து ரெண்டரை லட்சம் வரைக்கும் சகஜமா ஆகுது. போஸ்டர்ல இருக்குற ரேட்டுல பெரும்பாலும் ஊசி மருந்து இருக்காது, ஆனா அந்த மருந்துதான் ஆளுக்கு ஆள் மாறுற செலவு, வயசு கூடின பொண்ணுக்கு டோஸும் கூடும். அதனால எழுதிக் கேளுங்க: ஊசி இதுல இருக்கா, இக்சி (ஒரு விந்தணுவை நேரா முட்டைக்குள்ள செலுத்துறது) சார்ஜ் தனியா, மயக்க டாக்டர் ஃபீஸ் எவ்ளோ, எம்ப்ரியோ, அதாவது லேப்ல உருவான கரு, அதை ஃப்ரீஸ் பண்ண எவ்ளோ, அதை வருஷா வருஷம் வச்சிருக்க எவ்ளோ, ஃப்ரீஸ் பண்ணதை எடுத்து கர்ப்பப்பைல வைக்கிற ட்ரான்ஸ்ஃபருக்கு எவ்ளோ. முக்கியமா, முட்டை வளராம பாதியிலயே நிறுத்துனா எவ்ளோ திருப்பித் தருவீங்க. இந்த கடைசி கேள்விக்கு மழுப்புற இடத்துல காசு கட்டாதீங்க.

இன்னொரு விஷயத்தையும் புரிஞ்சுக்கணும். செலவுல பெரும்பங்கு முட்டை எடுக்குற வரைக்கும்தான். நாலஞ்சு நல்ல எம்ப்ரியோ ஃப்ரீஸ் ஆகியிருந்தா அடுத்த தடவை திரும்ப ஊசி, திரும்ப மயக்கம் கிடையாது, முதல் தடவைல ஒரு பங்கு காசுலயே ட்ரான்ஸ்ஃபர் முடிஞ்சிடும். அதனால "எத்தனை தடவை ட்ரை பண்ணலாம்"னு வீட்ல பேசும்போது எத்தனை தடவை முட்டை எடுக்குறது, எத்தனை ட்ரான்ஸ்ஃபர்னு ரெண்டையும் பிரிச்சுப் பேசுங்க. என்னைக் கேட்டா, ஒரு தடவைக்கு மட்டும் காசு வச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறதை விட, ரெண்டு தடவைக்கு தேறுற வரைக்கும் நாலு மாசம் சேத்துட்டு ஆரம்பிக்கிறது நல்லது, ஆனா 38 தாண்டிட்டா அந்த நாலு மாசம் கூட யோசிச்சுத்தான் விடணும்.

சக்சஸ் ரேட் 70, 80 சதவீதம்னு சொன்னா எதுல 80ன்னு கேளுங்க. பாசிட்டிவ் வந்தது வேற, குழந்தை கைக்கு வந்தது வேற. பிரிட்டன்ல இதைக் கண்காணிக்கிற அரசு அமைப்பு வெளியிடுற கணக்குல 35 வயசுக்குள்ள சொந்த முட்டைல ஒரு எம்ப்ரியோ வச்சா குழந்தை பொறக்குறது ஏறக்குறைய மூணுல ஒண்ணு, 43, 44 வயசுல இருபதுல ஒண்ணு. நம்ம ஊரு போஸ்டர் நம்பரை இதோட வச்சுப் பாருங்க.

காசு எங்கிருந்து? தனியா எடுக்குற பெரும்பாலான ஹெல்த் இன்சூரன்ஸ்ல மலட்டுத்தன்மை சிகிச்சை கிடையாதுன்னே போட்டிருக்கும், விலக்கு பட்டியல்ல Excl17ன்னு ஒரு குறியீடு இருக்கும் பாருங்க. கம்பெனி குரூப் பாலிசில சில இடத்துல ஒரு லிமிட் வரைக்கும் தர்றாங்க, ஹெச்ஆர்கிட்ட கேக்க கூச்சமா இருந்தா பாலிசியோட பிடிஎஃப் காப்பியை வாங்கி நீங்களே தேடுங்க. மத்திய அரசு வேலைன்னா சிஜிஹெச்எஸ்ங்கிற அவங்க மருத்துவத் திட்டத்துல முன்அனுமதி வாங்கிட்டு மூணு சைக்கிள் வரைக்கும் செலவை உச்சவரம்போட திரும்ப வாங்கலாம். சென்னைல இருக்கவங்க எழும்பூர் அரசு மகப்பேறு ஆஸ்பத்திரில கேட்டுப் பாருங்க, அரசு கருத்தரிப்பு மையம் அங்க வந்திருக்கு, காத்திருக்க வேண்டி வரும்தான் ஆனா அலைச்சலுக்கு லட்சம் மிச்சம்னா தப்பில்ல. வேலூர் சிஎம்சிலயும் இதுக்குன்னே தனி பிரிவு இருக்கு.

கடன்னா என் ஓட்டு பேங்க் இல்ல கூட்டுறவு சங்க நகைக்கடனுக்குத்தான். சென்டர்லயே "வட்டியில்லா ஈஎம்ஐ"ன்னு ஒரு ஃபைனான்ஸ்காரரை உக்கார வச்சிருப்பாங்க, அது உங்க பேர்ல வாங்குற பர்சனல் லோன், காசு நேரா சென்டருக்குப் போயிடும், சைக்கிள் பாதில நின்னாலும் ஈஎம்ஐ நிக்காது. நிலத்தை வித்து, வீட்டை அடமானம் வச்சு மட்டும் போகாதீங்க. பிரசவ செலவுக்கும் தனியா ஒதுக்கி வைங்க. ரெட்டைக் குழந்தை வந்தா ஒரே செலவுல ரெண்டுன்னு சந்தோஷப்பட்டு ரெண்டு மூணு எம்ப்ரியோ வைக்கச் சொல்றவங்க உண்டு, ரெட்டைன்னா குறை மாசத்துல பொறக்குற வாய்ப்பு ரொம்ப ஜாஸ்தி, அப்புறம் என்ஐசியூ (பச்சக் குழந்தைங்க தீவிர சிகிச்சைப் பிரிவு) பில்லு ஒரு நாளைக்கே ஆயிரக் கணக்குல ஏறும். ஒண்ணு வச்சா போதுமான்னு டாக்டர்கிட்ட நீங்களே கேளுங்க.

சட்டத்தையும் கொஞ்சம் தெரிஞ்சுக்கணும். 2021ல வந்த சட்டப்படி சென்டர் பதிவு பண்ணியிருக்கணும், பொண்ணுக்கு 21ல இருந்து 50, ஆணுக்கு 55 வரைக்கும்தான் ட்ரீட்மென்ட். எம்ப்ரியோ 10 வருஷம் வரைக்கும் வச்சுக்கலாம். தானமா வாங்குற முட்டை, விந்தணுன்னா உங்க ரெண்டு பேரோட எழுத்து சம்மதம் இல்லாம நடக்கவே கூடாது, அதனால நீட்டுற பேப்பரைப் படிக்காம கையெழுத்து வேண்டாம், வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் படிச்சுட்டு வர்றேன்னு சொல்லுங்க. ஆண் பிள்ளை வேணுமான்னு எவனாவது கேட்டா அது குற்றம், எந்திரிச்சு வந்துடுங்க.

இனி சொந்தக்காரங்க விஷயம். யாருக்கெல்லாம் சொல்றதுன்னு ரெண்டு பேரும் முன்னாடியே முடிவு பண்ணுங்க, ரெண்டு வீட்லயும் ஒவ்வொருத்தர் போதும். "டாக்டர்கிட்ட பாத்துட்டு இருக்கோம், இருந்தா நாங்களே சொல்றோம்"னு ஒரே வரி, அத்தை கேட்டாலும் சித்தி கேட்டாலும் அதே வரி. அவர் வீட்டு ஆளுங்களுக்கு அவரும் உங்க வீட்டு ஆளுங்களுக்கு நீங்களும்தான் பதில் சொல்லணும், மாமியாருக்கு மருமகளை பேச விட்டுட்டு புருஷன் மொபைலை நோண்டிட்டு இருக்கக்கூடாது. வளைகாப்புக்கு போக முடியலன்னா போகாதீங்க, மொய்ப் பணத்தை யார்கிட்டயாவது குடுத்து அனுப்பிடுங்க. திருக்கருகாவூர் போய் கர்ப்பரட்சாம்பிகைகிட்ட நெய் வாங்கிட்டு வந்து சாப்புடுறது உங்க நம்பிக்கை, யாரும் குறுக்க வர மாட்டாங்க, ஆனா யாரோ குடுத்த லேகியம் சூரணத்தை டாக்டர்கிட்ட சொல்லாம ஊசி மருந்தோட சேத்து எடுக்காதீங்க.

ஐவிஎஃப்ல முட்டை வளர்க்கிற ஊசி பத்துப் பன்னெண்டு நாள், நடுவுல ரெண்டு மூணு நாளைக்கு ஒரு ஸ்கேன், இதுக்கு காலைல பர்மிஷன் போட்டாலே சமாளிக்கலாம். முட்டையைப் பக்குவமாக்குற கடைசி ட்ரிகர் ஊசி மட்டும் சொன்ன மணிக்கு சொன்ன நிமிஷத்துல, அதுல இருந்து 34, 36 மணி நேரத்துலதான் முட்டை எடுப்பாங்க. அதுக்கப்புறம் வயிறு கிண்ணுன்னு உப்பி, மூச்சு வாங்கி, யூரின் குறைஞ்சா நடுராத்திரின்னாலும் போன் பண்ணுங்க. எம்ப்ரியோ வச்ச பிறகு படுத்தே கிடக்கணும்னு சொல்றதுக்கு ஆதாரம் இல்ல, ஒரு மாச சம்பளத்தை அதுக்காக விட வேண்டாம். ரிசல்ட் வர்ற நாள் ஆபீஸ்ல தனியா உக்காந்து ரிப்போர்ட்டைத் திறக்காதீங்க, அவரும் லீவு போடட்டும்.

நெகட்டிவ் வந்தா அதே வாரத்துல அடுத்த பேக்கேஜ் பேச்சு வரும். அன்னைக்கு எதுக்கும் சரின்னு சொல்லாதீங்க, முதல்ல எம்ப்ரியாலஜி (கரு உருவாக்குற லேப்) ரிப்போர்ட்டோட முழு ஃபைல் காப்பி வாங்குங்க. எத்தனை முட்டை, எத்தனை பக்குவமானது, எத்தனை எம்ப்ரியோ, எந்த நாள்ல வச்சாங்க எல்லாம் அதுல இருக்கும். பிஆர்பி (உங்க ரத்தத்துல இருந்தே பிரிச்சு எடுத்து செலுத்துறது), ஈஆர்ஏ (கரு வைக்க கர்ப்பப்பை எப்போ தயார்னு பாக்குற டெஸ்ட்), ஸ்க்ராட்ச் (கர்ப்பப்பை உள்சுவரை லேசா சுரண்டுறது)னு கூடுதலா சொல்றதுல பலதுக்கு எல்லாருக்கும் பலன் தரும்னு ஆதாரம் பத்தாது, ஒவ்வொண்ணும் எனக்கு எதுக்குன்னு கேளுங்க. அந்த ஃபைலை வேற ஊர்ல வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டிட்டு, ஒரு மாசம் கழிச்சு, ஆரம்பத்துல பேசி வச்ச எல்லைக்குள்ள அடுத்தது வருதான்னு ரெண்டு பேரும் உக்காந்து பாத்துட்டு அப்புறம் பதில் சொல்லுங்க.