வாட் ஏற்றும் முன்: டிக்கி வூஃபரில் பேஸைக் கூட்டும் வழிகள்

கார் ஆம்ப்பின் (ஆம்ப்ளிஃபையர்) வாட்டை இரட்டித்தால் கிடைப்பது வெறும் 3 டெசிபல். காதுக்கு ‘ரெண்டு மடங்கு சத்தம்’ என்று பட ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் ஆகும். 500 வாட் ஆம்ப்பைத் தள்ளிவிட்டு 1000 வாட் வாங்கியவர், பெரிதாக ஒன்றும் மாறவில்லையே என்று புலம்புவது இதனால்தான். வயரை மாற்றி மாட்டியிருந்தாலும், பெட்டி காற்று விட்டாலும், காயிலை (வூஃபருக்குள் கோனை அசைக்கும் கம்பிச் சுருள்) தப்பாக இணைத்திருந்தாலும் இதைவிட அதிகமாகவே பறிபோகும். அதை மீட்கக் காசும் அவ்வளவாக ஆகாது. ஒரு 12 இன்ச் வூஃபர் (பேஸுக்கென்றே உள்ள ஸ்பீக்கர்), ஒரு மோனோபிளாக் (ஒரே சேனல்) ஆம்ப், டிக்கியில் ஒரு பெட்டி என்று வைத்துக்கொண்டு பார்ப்போம்.

முதலில் பிளஸ், மைனஸ். டிரைவர் சீட்டில் உட்கார்ந்து 60 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை பேஸ் நிறைந்த பாட்டு ஒன்றைப் போடுங்கள். இன்னொருவர் ஆம்ப்பில் உள்ள ஃபேஸ் சுவிட்சை 0, 180 என்று மாற்றட்டும். எதில் பேஸ் அதிகமோ அதுவே சரி. புத்தகம் என்ன சொன்னாலும் கவலை வேண்டாம். சுவிட்ச் இல்லையென்றால் பெட்டி டெர்மினலில் இரண்டு வயரையும் இடம் மாற்றினாலே போதும். இரண்டு வூஃபர் இருந்தால், ஆம்ப் வயரைக் கழற்றிவிட்டு 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியின் பிளஸ்ஸை வூஃபரின் பிளஸ்ஸிலும் மைனஸை மைனஸிலும் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். இரண்டு கோனும் (முன்னால் அதிரும் கூம்பு) வெளிப்பக்கம் துள்ள வேண்டும். ஒன்று உள்ளே போனால் இரண்டும் ஒன்றின் காற்றை மற்றொன்று தின்றுகொண்டிருக்கின்றன.

அடுத்து காயில். காயில் ஒவ்வொன்றும் 4 ஓம் உள்ள இரட்டைக் காயில் வூஃபரைப் பேரலலாக (பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ்) இணைத்தால் 2 ஓம், சீரிஸில் (ஒன்றன்பின் ஒன்றாக) 8 ஓம். 2 ஓமில் 500 வாட் தரும் ஆம்ப், 8 ஓமில் கிட்டத்தட்ட அதில் கால்வாசிதான் தரும். அங்கேயே 6 டெசிபல் காலி. ஆம்ப் வயரைக் கழற்றி, பெட்டி டெர்மினலில் மல்டிமீட்டரை ஓமில் வைத்துப் பாருங்கள். பேரலல் என்றால் 1.6 முதல் 1.9 வரை காட்டும். 7 பக்கம் காட்டினால் சீரிஸில் மாட்டியிருக்கிறார்கள். மாற்றும் முன் ஆம்ப் எத்தனை ஓம் வரை தாங்கும் என்பதை அதன் லேபிளில் பார்த்துவிடுங்கள்.

பெட்டியில் காற்று ஒழுகுகிறதா என்று கண்டுபிடிக்க ஊதுபத்தி போதும். 30 ஹெர்ட்ஸ் டோனைக் குறைந்த சத்தத்தில் ஓடவிட்டு, பத்தியை மூட்டு ஓரமாக மெல்ல நகர்த்துங்கள். ஒழுகும் இடத்தில் புகைக்கோடு வெடுக்கென்று நடுங்கும். பெரும்பாலும் குற்றவாளி, வயர் மாட்டும் டெர்மினல் கப்பைச் சுற்றியுள்ள விளிம்பு. அடுத்தது வூஃபர் ஸ்க்ரூ சரியாக இறுகாத இடம். சிலிக்கான் சீலன்ட் போட்டால், வூஃபரைக் கழற்றிவைத்து ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே திரும்ப மாட்டுங்கள்.

பெட்டியின் இடமும் முக்கியம். ஹேட்ச்பேக்கில் கோன் பின்கதவைப் பார்க்கும்படி, கதவிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வைத்துத் தொடங்குங்கள். பிறகு முன்பின் நகர்த்திக் கேளுங்கள். செடானில் பின்சீட்டே சுவர். சீட் முதுகை மடக்கியதும் பேஸ் கொட்டுகிறதென்றால் அதுதான் அடைப்பு. நடுவில் ஆர்ம்ரெஸ்ட் திறப்பு இருந்தால் அதைத் திறந்து வையுங்கள். டிக்கி மூடிக்குள் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ஷீட்டும், நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம் டேப்பும் ஒட்டுங்கள். பேஸ் என்று தெருவில் போகிறவர் கேட்பதில் பாதி அந்தத் தகரச் சத்தம்தான்.

இனி கரண்ட். ஆம்ப் மேல் அச்சிட்ட 3000 வாட்டை நம்பாதீர்கள், ஃபியூஸைப் பாருங்கள். 30 ஆம்பியர் ஃபியூஸ், 13.8 வோல்ட்: உள்ளே போவதே 414 வாட். கிளாஸ் டி ஆம்ப் (கரண்ட்டை அதிகம் வீணாக்காத வகை) அதில் 80 சதவீதத்தை வெளியே தந்தால் 330 வாட் பக்கம்தான். உண்மையான 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய வாட்) ஆம்ப் முழு வேகத்தில் 45 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 4 கேஜ் செம்பு வயர் வேண்டும். மலிவான கிட்களில் வருவது செம்பு பூசிய அலுமினியம். இழையைப் பிளேடால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். மின்தடை அதிகம், தடிமனிலும் பாதி ரப்பர்தான். எஞ்சினை ஓடவிட்டு, பேஸ் அடிக்கும்போது ஆம்ப் டெர்மினலில் வோல்ட்டை அளந்து பாருங்கள். 14 இருந்தது 12-க்கு இறங்கினால், பல ஆம்ப்களில் வாட்டில் கால் பங்கு போயிற்று.

எர்த் வயர் அரை மீட்டருக்குள் இருக்கட்டும். பெயின்ட்டை உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டி, போல்ட் போட்டு இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டைத் தொடாதீர்கள். மெயின் ஃபியூஸ் பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் வர வேண்டும். அதைத் தாண்டி வைத்தால் வயர் உரசித் தீப்பிடிக்கும்போது அந்த ஃபியூஸால் பயனில்லை. வேலை தொடங்கும் முன் பேட்டரி மைனஸைக் கழற்றுங்கள்.

இதெல்லாம் சரியான பிறகே கெயின். அது வால்யூம் அல்ல. கார் ஸ்டீரியோ செட்டிலிருந்து வரும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்தும் திருகு.

1. ஸ்பீக்கர் வயரை ஆம்ப்பிலிருந்து கழற்றுங்கள். செட்டில் ஈக்வலைசர் ஃபிளாட், லவுட்னஸ், பேஸ் பூஸ்ட் எல்லாம் ஆஃப். ஆம்ப் கெயின் அடியில்.
2. ஆம்ப்பின் லோ பாஸ் (அதற்கு மேலுள்ள ஒலியை வெட்டும் திருகு) 80 ஹெர்ட்ஸ். 0 டெசிபலில், அதாவது முழு அளவில், பதிவான 50 ஹெர்ட்ஸ் டோனைப் போட்டு, செட் வால்யூமை முக்கால் அளவுக்கு வையுங்கள். 40 வரை போகும் செட் என்றால் 30.
3. மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஆம்ப்பின் ஸ்பீக்கர் டெர்மினலில் பிடியுங்கள். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எட்ட வேண்டிய வோல்ட் வரும். 500 வாட், 2 ஓம் என்றால் 31.6; 300 வாட், 4 ஓம் என்றால் 34.6.
4. கெயினை மெதுவாக ஏற்றி அந்த எண்ணில் நிறுத்துங்கள். ஆம்ப்பை அணைத்து வயரை மாட்டுங்கள். இனி செட் வால்யூம் அந்த முக்கால் அளவைத் தாண்ட வேண்டாம்.

வூஃபரின் ஆர்எம்எஸ் ஆம்ப்பைவிடக் குறைவென்றால் கணக்கில் வூஃபரின் வாட்டைப் போடுங்கள். பேஸ் பூஸ்ட் திருகைத் தொடவே தொடாதீர்கள்: 6 டெசிபல் பூஸ்ட் என்றால் அந்த ஹெர்ட்ஸில் நாலு மடங்கு வாட். ஆம்ப்பிடம் அது இருக்காது; அலையின் தலை வெட்டுப்பட்டு, காயில் சூடேறி, வார்னிஷ் கருகும் வாடை வரும். அந்த வாடை வந்தால் உடனே அணைத்துவிடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் போதவில்லையென்றால் காசை முதலில் பெட்டியில் போடுங்கள். 12 இன்ச்சுக்கு அடைத்த பெட்டி சுமார் 1 கன அடி. போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்த பெட்டி 2 கன அடி பக்கம், போர்ட் 32 முதல் 35 ஹெர்ட்ஸில் ஒத்ததிரும்படி டியூன் செய்தது. அதே வாட்டில் டியூனிங் பக்கம் 3 டெசிபலோ அதற்கு மேலோ கூடும். 18 மில்லிமீட்டர் எம்டிஎஃப் பலகை, உள்ளே குறுக்குக் கட்டை அவசியம். சரியான அளவு வூஃபருடன் வரும் தாளில் இருக்கும். போர்ட் சிறுத்தால் காற்று புஸ் புஸ் என்று கேட்கும். டியூனிங்குக்குக் கீழே கோனைப் பிடித்து நிறுத்தக் காற்று இல்லாததால், 33 ஹெர்ட்ஸ் பெட்டிக்குச் சப்சானிக் ஃபில்டரை (மிகத் தாழ்ந்த ஒலியை வெட்டுவது) 27, 28-இல் வையுங்கள்.

இரண்டாவது வூஃபர் கடைசி. அதே மாடல், அதே பெட்டி அளவு, வாட்டும் இரட்டிப்பு என்றால் 6 டெசிபல் கூடும். நாலு 4 ஓம் காயிலையும் பேரலலாக இணைத்தால் 1 ஓம். அதைத் தாங்காத ஆம்ப் என்றால், வாங்கும்போதே இரட்டை 2 ஓம் வூஃபர்களாக எடுங்கள்: ஒவ்வொன்றையும் சீரிஸில் 4 ஓமாக்கி, இரண்டையும் பேரலலாக இணைத்தால் 2 ஓம்.