பழைய ஸ்போர்ட்ஸ் கார் பாடியில் புரியாத ஓட்டையா? அடைக்கும் முன் பாருங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரைப் பிரித்துப் போட்ட எல்லோருக்கும் இந்தக் குழப்பம் வந்திருக்கும். கார்ப்பெட்டை எடுத்து, பெயின்ட்டை உரித்து, டார்ச் அடித்துப் பார்த்தால் எதற்கென்றே தெரியாத ஓட்டை ஒன்று இருக்கும். இல்லாவிட்டால் எதையும் தாங்காமல் சும்மா பற்றவைத்த ஒரு தகட்டுத் துண்டு, பானட்டில் ஒரு பள்ளம், கதவு ஓரத்தில் இரண்டு எண்கள். பலர் உடனே வெல்டிங் வைத்து, பட்டி போட்டு, தேய்த்து மறைத்துவிடுகிறார்கள். நான் பார்த்தவரை, நல்ல பாடியைக் கெடுக்கும் முதல் தவறு இதுதான்.

ஏனென்றால் அந்த ஓட்டைகளில் பாதி தண்ணீர் வெளியேறுவதற்காக வைத்தவை. கதவுக் கண்ணாடி இறங்கும் இடுக்கு வழியாக மழைத்தண்ணீர் கதவுக்குள் போகத்தான் செய்யும்; அது வெளியேற அடி விளிம்பில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிப் பகுதியிலும் இப்படித்தான். அதை அடைத்தால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே தகடு உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். கீழ் விளிம்பில் கொப்புளம் தெரியும் நாளில் உள்பக்கம் ஏறக்குறைய போய்விட்டிருக்கும்.

மீதி ஓட்டைகளுக்கும் காரணம் உண்டு. தொழிற்சாலையில் தகடுகளைச் சரியான இடத்தில் பிடித்து வைக்கும் ஊசிகளுக்கான துளைகள், பிரைமரில் முக்கி எடுத்த பாடியிலிருந்து அது வடிவதற்கான துளைகள், இடப்பக்க ஸ்டீயரிங் காருக்கும் வலப்பக்க ஸ்டீயரிங் காருக்கும் ஒரே தகட்டைப் பயன்படுத்தியதால் ஒரு பக்கம் வேலையில்லாமல் நிற்கும் துளைகள் எனப் பல வகை.

அடுத்த தவறு இதற்கு நேர் எதிரானது. தெரியாததையெல்லாம் "முந்தைய ஓனர் செய்த வேலை" என்று ஒதுக்கிவிடுவது. ஓட்டையின் விளிம்பைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். தொழிற்சாலையில் பிரஸ் எந்திரத்தால் குத்திய துளையில் ஒரு பக்க விளிம்பு லேசாக உருண்டு உள்வாங்கியிருக்கும், மறுபக்கம் நகத்தில் பிடிபடும் கூர்மை இருக்கும். கை டிரில்லில் போட்ட துளை பெரும்பாலும் சரியான வட்டமாக இருக்காது. பக்கத்தில் டிரில் வழுக்கிய கீறல் இருக்கும், உள்பக்கம் பிசிறு சுருண்டு நிற்கும். அப்புறம் பெயின்ட்டைப் பாருங்கள். பழைய பிரைமர் துளையின் உள் விளிம்பு வரை இறங்கியிருந்தால் அது பெயின்ட்டுக்கு முன்பே இருந்தது. வெறும் தகடு தெரிந்தால் பின்னால் வந்தது. காரின் மறுபக்கத்திலும் அதே தூரத்தில் இன்னொரு துளை இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்துவிடுங்கள்; இருந்தால் அது பெரும்பாலும் தொழிற்சாலை வேலைதான்.

எல்லாவற்றுக்கும் ஒரு பொறியியல் காரணம் இருந்தே தீரும் என்று நம்புவதும் வழி தவற வைக்கும். 1964 செவர்லே கார்வெட்டின் பானட்டில் இரண்டு பள்ளங்கள் உண்டு. அவை காற்றுக்கும் இல்லை, தண்ணீருக்கும் இல்லை. 1963 மாடலில் அங்கே இரண்டு போலி கிரில்கள் இருந்தன. அடுத்த வருஷம் கிரில்லை எடுத்துவிட்டார்கள், பள்ளம் அப்படியே நின்றுவிட்டது. 1963 பானட்டைப் பார்க்காதவர் இந்தப் பள்ளத்துக்கு எத்தனை விளக்கம் வேண்டுமானாலும் கண்டுபிடிக்கலாம்.

சில சமயம் விநோதமாகத் தெரிவதுதான் அந்தக் காரின் அடையாளமே. 1972 மாடல் போர்ஷே 911-இன் வலப்பக்கப் பின் ஃபெண்டரில், கதவுக்குப் பின்னால், ஒரு சின்ன மூடி இருக்கும். எடை சற்று முன்னால் வரட்டும் என்று ஆயில் டேங்க்கைப் பின்சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தினார்கள். ஆயில் ஊற்றும் வாய் வெளியே வந்தது. பெட்ரோல் மூடி என்று நினைத்துச் சிலர் அதில் பெட்ரோல் ஊற்றினார்கள் என்று சொல்வார்கள்; அடுத்த வருஷமே டேங்க்கைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ஒரே ஒரு வருஷம்! அதை யாரோ வெட்டிப் பொருத்தியது என்று நினைத்துத் தகடு வைத்து மூடினால் வயிறு எரியாதா?

போர்ஷே 356-இன் கதவிலும் முன், பின் மூடிகளிலும் குத்தியிருக்கும் எண்களும் அப்படித்தான். சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கங்கள் அவை. ஒவ்வொரு கதவையும் மூடியையும் அந்தந்தப் பாடிக்குக் கையால் இழைத்துப் பொருத்தியதால், கழற்றியபின் மாறிவிடாமல் இருக்கக் குத்தினார்கள். கிரைண்டரை அங்கே வைத்தால், அந்தக் கதவு இந்தக் காரோடு பிறந்தது என்பதற்கு இருந்த சாட்சி போய்விடும்.

இன்னொன்று, வருஷத்தை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள். ஜாகுவார் ஈ-டைப் 1961 மார்ச்சில் ஜெனீவாவில் வந்தது. முதல் 500 கார்கள் அளவுக்குப் பானட் பூட்டு வெளியே இருந்தது, தனிச் சாவி போட்டுத் திறக்க வேண்டும். அப்புறம் பூட்டு உள்ளே போய்விட்டது. ஆக, 1961 கார் என்று இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினாலும் ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்காது. டட்சன் 240இசட் காரிலும் ஆரம்ப கால டிக்கிக் கதவில் காற்றுத் துவாரங்கள் இருந்தன, பிறகு அவை கூரையைத் தாங்கும் பின் பக்கவாட்டுத் தூணுக்கு மாறின. சேஸிஸ் எண்ணைப் பார்த்து, அதற்கு அருகில் உள்ள எண் கொண்ட, யாரும் கை வைக்காத காரோடு ஒப்பிடுவதுதான் சரி. புதுப்பித்து முடித்த காரோடு ஒப்பிட்டால், அதைப் புதுப்பித்தவர் அடைத்த ஓட்டையைத்தான் நீங்களும் அடைப்பீர்கள்.

படம் எடுக்காமல் தேய்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, கிட்டத்தில் ஒன்று, இடம் தெரிய தூரத்தில் ஒன்று எடுத்தால் போதும்.

இவ்வளவு பார்த்தும் விடை கிடைக்கவில்லை என்றால் வெல்டிங் வேண்டாம். கீழே தண்ணீர் தேங்கும் இடமாக இருந்தால் அப்படியே திறந்து விடுங்கள். தரையிலோ எஞ்சின் பக்கச் சுவரிலோ இருந்தால், விளிம்புக்குத் துருத் தடுப்பு பெயின்ட் அடித்து, அளவுக்கு ஒரு ரப்பர் மூடி போடுங்கள். காரணம் என்றைக்குத் தெரிந்தாலும் ஒரு நிமிஷத்தில் கழற்றிவிடலாம்.