சிஎஸ்எஸ், ஸ்கிரிப்ட் இரண்டையும் எச்டிஎம்எல்லுக்குள்ளேயே வைப்பது எப்படி

ஹெட் பகுதியில் சிஎஸ்எஸ்ஸுக்கான லிங்க் டேக்கைப் பார்த்துவிட்டால், அந்த ஃபைல் வந்து சேரும்வரை பிரவுசர் திரையில் ஒன்றையும் வரையாது. மொபைல் நெட்டில் சர்வருக்கு ஒருமுறை போய்வரும் அந்த நேரம் நன்றாகவே தெரியும். ஒரே பக்கம் உள்ள தளமென்றால் எல்லாவற்றையும் உள்ளேயே வைத்துவிடலாம். நிறையப் பக்கங்கள் இருந்தால் வேண்டாம், ஒவ்வொரு பக்கத்தோடும் அதே சிஎஸ்எஸ் திரும்பத் திரும்ப இறங்கும், கேச் இருந்தும் பயனில்லை. அப்படிப்பட்ட தளத்துக்கு, திறந்ததும் கண்ணில் படும் பகுதிக்கான ஸ்டைலை மட்டும் பிரித்துத் தரும் கிரிட்டிக்கல் என்ற டூல் இருக்கிறது.

முதலில் இரண்டு ஃபைலையும் மினிஃபை செய்யுங்கள், அதாவது தேவையில்லாத இடைவெளி, கமென்ட் எல்லாம் எடுத்துச் சுருக்குங்கள். நான் அதற்கு இஎஸ்பில்டு என்ற டூலைத்தான் பயன்படுத்துகிறேன், வேகமானது, கான்ஃபிக் தலைவலி கிடையாது. எல்லாம் சேர்ந்து ஜிஜிப் ஆனபிறகு (சர்வர் அனுப்பும்போது செய்யும் சுருக்கம்) 14 கேபிக்குள் நின்றால் அருமை. புது இணைப்பில் சர்வர் முதல் சுற்றில் பொதுவாக 10 பாக்கெட்தான் அனுப்பும், அதன் அளவு கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

அடுத்து, லிங்க் டேக்கை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஸ்டைல் டேக் போட்டு சிஎஸ்எஸ்ஸை ஒட்டுங்கள். பின்னணிப் படம் காணாமல் போனால் அதன் பாத்தை (படம் இருக்கும் இடத்தைக் காட்டும் முகவரியை) பாருங்கள்: சிஎஸ்எஸ் ஃபைலில் இருந்தபோது அது அந்த ஃபைல் இருக்கும் ஃபோல்டரிலிருந்து கணக்கானது, இப்போது பக்கத்தின் முகவரியிலிருந்து கணக்காகிறது. ஸ்லாஷில் தொடங்கும் முழுப் பாத்தாக மாற்றிவிட்டால் சரி. படங்களை பேஸ்64 ஆக்கி, அதாவது வெறும் எழுத்துகளாக மாற்றித் திணிக்காதீர்கள், மூன்றில் ஒரு பங்கு வீங்கும். சின்ன எஸ்விஜி ஐகான் என்றால் அப்படியே ஒட்டலாம்.

ஸ்கிரிப்ட்டை பாடி முடியும் இடத்துக்குச் சற்று முன் வையுங்கள். பக்கம் முழுக்கப் படிக்கப்பட்டபிறகே ஸ்கிரிப்ட்டை ஓடவைக்கும் டிஃபர், உள்ளேயே எழுதிய சாதாரண ஸ்கிரிப்ட்டில் வேலை செய்யாது, சோர்ஸ் உள்ள டேக்குக்கு மட்டும்தான்.

இனிதான் மண்டை காயவைக்கும் இடம். தனி ஃபைலாக ஒழுங்காக ஓடிய ஸ்கிரிப்ட், உள்ளே வந்ததும் பாதியில் அறுந்து, மீதி ஜாவாஸ்கிரிப்ட் கோடு பக்கத்தின் அடியில் வெறும் எழுத்தாகக் கொட்டிக் கிடக்கும். கன்சோலில் சின்டாக்ஸ் எரர். கோடில் எங்காவது ஒரு ஸ்ட்ரிங்குக்குள் ஸ்கிரிப்ட்டை மூடும் டேக் இருக்கிறதா என்று தேடுங்கள். எச்டிஎம்எல் பார்சருக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியாது, மேற்கோள் குறிக்குள் இருந்தாலும் சரி, கமென்டில் இருந்தாலும் சரி, மூடும் டேக்கைக் கண்டதும் ஸ்கிரிப்ட் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரிங்கில் இருந்தால் ஸ்லாஷுக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் சேருங்கள், ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு இரண்டும் ஒன்றுதான், பார்சர் ஏமாந்துவிடும். கமென்டில் இருந்தால் அழித்துவிடுங்கள்.

ஏற்கெனவே வீட்டில் புராஜெக்ட் வைத்திருப்பவர்கள் (வீட் என்ற பில்ட் டூலைச் சொல்கிறேன், குடியிருக்கும் வீட்டை அல்ல) சிங்கிள்ஃபைல் பிளக்இன் போட்டால் இந்த வெட்டி ஒட்டும் வேலையே இல்லை. எப்படிச் செய்தாலும், நெட்வொர்க் டேபில் கேச்சை அணைத்து, ஸ்லோ 4ஜி வைத்து ஒருமுறை முன்னும் பின்னும் பார்த்துவிடுங்கள்.

பின்சேர்க்கை: "ஸ்கிரிப்ட் ஓடவே இல்லை" என்று இந்தப் பதிவின் கமென்டில் சிலர் எழுதியிருந்தார்கள். எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் சிஎஸ்பி (கன்டென்ட் செக்யூரிட்டி பாலிசி) ஹெடரை சர்வர் அனுப்புகிறதா என்று பாருங்கள், உள்ளே எழுதிய ஸ்கிரிப்ட்டை அது தடுக்கும். உள்ளே எழுதிய எல்லா ஸ்கிரிப்ட்டையும் அனுமதிக்கும் அன்சேஃப்-இன்லைன் போட்டுத் தப்பிக்காதீர்கள், அப்புறம் சிஎஸ்பி இருந்தும் இல்லாத மாதிரிதான். ஸ்கிரிப்ட்டின் ஹாஷை (அதன் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை மாதிரியான குறியீடு) ஹெடரில் சேருங்கள்; குரோம் கன்சோலில் வரும் எரரிலேயே அந்த ஹாஷ் இருக்கும், காப்பி செய்தால் போதும். ஒரு ஸ்பேஸ் மாறினாலும் ஹாஷ் மாறிவிடும், அதனால் மினிஃபை முடித்தபிறகே எடுங்கள்.