பழைய ரூபாய்த் தாள் கிடைத்தால் முதலில் செய்யக் கூடாதது

மதுரைக் கீழமாசி வீதிப் பக்கம் பழைய வீட்டை ஒழிக்கும்போது பத்திரக் கட்டுக்குள் ஜார்ஜ் மன்னர் காலத்து ஒரு ரூபாய்த் தாள் கிடைக்கிறதா? இஸ்திரிப் பெட்டியைத் தொடாதீர்கள். மடிப்பைத் தேய்த்து, செல்லோடேப் ஒட்டி, "பளிச்சுனு இருக்குல்ல?" என்று கொண்டுவந்து நீட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

கையை நன்றாகத் துடைத்துவிட்டு ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள். அச்சடித்த காசுப் படத்தில் 1917 என்று இருந்தால், முதல் உலகப் போரில் வெள்ளி விலை ஏறி, ரூபாய்க் காசு அடிக்க வெள்ளி போதாமல் சர்க்கார் இறக்கிய வகை அது. முதலில் வெளிவந்தது 1917 நவம்பர் 30. பிறகு அச்சானவற்றிலும் அதே வருடம்தான் இருக்கும், அதனால் கையெழுத்தைப் படியுங்கள்: கப்பே, மெக்வாட்டர்ஸ், டென்னிங் என்ற மூன்று சர்க்கார் அதிகாரிகளில் ஒருவருடையதாக இருக்கும். விலை பேசும்போது இதைத்தான் முதலில் கேட்பார்கள். இடது ஓரம் பல் பல்லாக இருந்தால் எலி கடித்ததென்று கத்தரித்துவிடாதீர்கள். 25 தாள் கொண்ட புத்தகமாக வந்ததிலிருந்து கிழித்த துளை வரிசை அது. அந்த ஓரத்துக்கும் காசு உண்டு.

1935 என்று போட்டிருந்தால் அது அடுத்த போரின் தாள். வெளியே வந்தது 1940இல். படத்திலிருக்கும் ஐந்தாம் ஜார்ஜ் செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது! அபூர்வமான இரண்டரை ரூபாய்த் தாள் கிடைத்தாலோ, அக்கம்பக்கத்தில் மூச்சு விடாதீர்கள்.

சிலோனுக்குப் பிழைக்கப் போனவர்கள் வீட்டுப் பெட்டியில் 1942ஆம் வருட 5 சதத் தாள் அகப்படலாம். நடுவே துளை வரிசை போட்டு, ஒரு பாதியில் 2 சதம், மறுபாதியில் 3 சதம். அந்தக் காலத்தில் சில்லறைக்குக் கிழித்தே கொடுக்க முடிந்தது. பாதி மட்டும் இருந்தாலும் குப்பையில் போட வேண்டாம்.

வைக்கும் விஷயம் சுருக்கம்தான். லேமினேஷன் கூடாது. கடையில் கிடைக்கும் பிவிசி உறை நாள்பட்டால் பிசுபிசுக்கும். மைலார் (பாலியெஸ்டர்) உறை வாங்குங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டையைத் தாள்மேலேயே போடாதீர்கள். மாடி அறை பீரோ சித்திரை வெயிலில் கொதிக்கும், கீழறையே நல்லது. யார் பெட்டியில் கிடைத்தது என்பதைத் தனிச் சீட்டில் பென்சிலால் எழுதி, உறைக்கு வெளியே வையுங்கள்.